பசுமைத் தெரிவுகள் குறித்து வேலூர்ப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரியவர்கள் இன்றும் வட ஆற்காடு என்றே சொல்லும் எங்கள் நிலப்பகுதியின் வேலூர் மாவட்டம், 2019-ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. பாலாறு மட்டும் மூன்றுக்கும் பொதுவாக நின்றுவிட்டது. நான் வாணியம்பாடிக்கு அருகில் பிறந்தவன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்து, இப்போது காட்பாடியில் வசிக்கிறேன். தெருக்கூட்டங்களிலும் பள்ளி விழாக்களிலும் சுற்றுச்சூழல் குறித்துப் பேசப் போகும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பசுமை முயற்சிகளையும் கேள்வி கேட்கிறீர்களே, நீங்கள் சூழல் பாதுகாப்புக்கு எதிரானவரா?

இல்லை. என் தந்தையின் தென்னந்தோப்பை நாங்கள் கைவிட்டது உப்புத் தண்ணீரால்தான். கிணற்று நீரைப் பித்தளைக் குடத்தில் இரண்டு நாள் வைத்தால் கழுத்துப் பகுதியில் வெள்ளை வளையம் படியும். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்ப்பார், மறுவாரம் மீண்டும் படியும். வாய்க்கால் ஓரத்தில் மண் காய்ந்ததும் சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடக்கும். தேங்காய் சிறுத்தது, குரும்பை கொட்டியது, கடைசியில் மட்டைகள் தொங்கின. இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் சூழல் பாதுகாப்புக்கு எதிராக இருக்க முடியாது.

ஆனால் அதே அனுபவம்தான் எனக்கு ஒரு பழக்கத்தையும் கற்றுத் தந்தது. ஒரு பொருளைப் பசுமையானது என்று யாராவது சொன்னால், அது எங்கிருந்து வருகிறது, எத்தனை முறை பயன்படுகிறது, கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது, அங்கே இருப்பவர் யார் என்று இறுதிவரை பின்தொடர்ந்து பார்ப்பேன். பாதி வழியில் பார்வையை நிறுத்திக்கொண்டால் எல்லாமே பசுமையாகத்தான் தெரியும்.

பிளாஸ்டிக் பையை விடத் துணிப்பை நல்லது என்பதில் என்ன சந்தேகம்?

துணிப்பை நல்லதா இல்லையா என்பது பையைப் பொறுத்ததன்று, அதை எத்தனை முறை எடுத்துச் செல்கிறோம் என்பதைப் பொறுத்தது. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும் பூச்சிமருந்தும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் சாயம் போடவும் மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறிவதோடு ஒப்பிட்டால், பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதலில் இரண்டும் சமமாகும். 2018-இல் டென்மார்க்கில் அரசுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, வெப்பமாதலை மட்டும் பார்த்தால் 52 முறை என்றும், எல்லாப் பாதிப்புகளையும் கணக்கில் கொண்டால் 7,100 முறை என்றும் சொன்னது. இந்த 7,100 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு துணிப்பையைக் கேலி செய்பவர்கள் உண்டு. அந்த எண்ணை அவ்வளவு உயர்த்தியது ஓசோன் படலம் சார்ந்த ஒரே ஓர் அளவுகோல் என்பதை அவர்கள் சொல்வதில்லை. குப்பையை ஒழுங்காகச் சேகரித்து எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டில் செய்த கணக்கு அது. சாக்கடையை அடைக்கும் பையும், குப்பைமேட்டில் மாடு தின்னும் பையும் அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் தெருவில் அவைதான் முதல் கணக்கு.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இரண்டையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சென்ற தை மாதம் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் ஆணியில் தொங்கிய பைகளை எண்ணிப் பார்த்தேன். திருமணத் தாம்பூலப் பைகளும் புதுமனை புகுவிழாப் பைகளும் கடைகளில் தந்தவையுமாக நாற்பத்தொன்று இருந்தன. அவற்றில் கடைக்குப் போய் வருவது இரண்டுதான். மற்ற முப்பத்தொன்பதும் பருத்திக் காட்டின் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா தொங்குகின்றன. பழைய வேட்டியிலும் புடவையிலும் பாட்டி தைத்த பைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, ஏனென்றால் அந்தத் துணி தன் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டது. புதிதாக அச்சடித்த மஞ்சள் பையை ஆயிரக்கணக்கில் வழங்குவதும் அதுவும் ஒன்றல்ல.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. துணி போலவே தோன்றும், தையல் இல்லாமல் ஓரம் ஒட்டப்பட்ட பைகள் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒரு மூலையைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டினால் துணி சாம்பலாகும். இது உருகிச் சொட்டும்.

பேப்பர் கப், மக்கும் பை, பாக்குமட்டைத் தட்டு ஆகியவை?

பேப்பர் கப்பின் உட்புறம் பாலித்தீன் பூச்சு உள்ளது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சூடான டீ நிற்காது. அதனால்தான் அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது. மக்கும் பை என்று விற்கப்படுபவற்றில் பல, ஏறத்தாழ 60 டிகிரி வெப்பம் தொடர்ந்து நிலவும் பெரிய உரக்கிடங்கில் மட்டுமே மக்கும். வீட்டுக் குப்பைக்குழியிலோ பாலாற்றங்கரையிலோ அவை பல மாதங்கள் அப்படியே கிடக்கும். பாக்குமட்டைத் தட்டு நல்லதுதான். நம் பகுதியில் வாழையிலை கிடைக்கும்போது அதற்கு ஏன் செலவிட வேண்டும் என்பது மட்டுமே என் கேள்வி. கழுவி மீண்டும் வைக்கும் கண்ணாடி டம்ளரை விடச் சிறந்த தேநீர்க் கோப்பை எதையும் நான் இதுவரை காணவில்லை.

தோல் தொழிற்சாலைகளில் இப்போது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடுவதில்லை என்கிறார்கள். அப்படியானால் பாலாறு தப்பித்துவிட்டதா?

இந்தக் கேள்விக்கு நான் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையை ஒட்டித் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அக்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும்தான் முதன்மையான பொருள்கள். பின்னர் குரோமியம் வந்தது. ஒரு மாதம் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. கழிவுநீர் வயலிலும் ஏரியிலும் ஆற்றிலும் பாய்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பைச் சுமக்க வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உறுதிசெய்த தீர்ப்பு அது. தோல் ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற ஆய்வு முடிவும், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற செய்தியும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன. உலகெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரைப் படிப்பது இந்தத் தீர்ப்பினால்தான்.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அடுத்து, கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதி வந்தது. இங்கேதான் நான் இறுதிவரை பின்தொடரச் சொல்கிறேன். பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு உப்பு தடவப்படுகிறது. அந்த உப்பு ஊறல் தொட்டியில் கரைந்து நீரோடு போகிறது. குரோமியத்தைப் பிரித்து மீண்டும் பயன்படுத்த வழி உண்டு. கரைந்த உப்பை அப்படிப் பிரித்து விற்பது கடினம். எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரை வடிகட்டினால் நல்ல நீர் ஒரு பக்கமும் அடர்ந்த உப்பு நீர் மறுபக்கமும் கிடைக்கின்றன. அந்த உப்பு நீரைக் கொதிக்க வைத்து வற்றடித்தால் கலப்பு உப்பு மிஞ்சுகிறது. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்து கிடக்கும் அந்த உப்பை வாங்குவாரில்லை. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. மழை உள்ளே புகுந்தால் அது மீண்டும் கரையும். வற்றடிக்கச் செலவாகும் மின்சாரமும் விறகும் தனிக்கணக்கு. ஆற்றில் கழிவை விடாதது பெரிய முன்னேற்றம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாசு ஒழியவில்லை. நீரிலிருந்து மூட்டைக்கு இடம் மாறியிருக்கிறது.

இடம் மாறிய மாசு என்ன செய்யும் என்பதற்கு இராணிப்பேட்டையே சாட்சி. அங்கே 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகம். மழைக்குப் பின் சுற்றுப்புற நீர் மஞ்சளாக ஊறுவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். மாசைத் தடுக்க எழுப்பிய தொட்டியே உயிரைப் பறித்தது. கொட்டிவைத்ததைக் கடைசியாக யார் எடுப்பது என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை அது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை இந்தப் பாலாற்று மாசு வழக்கில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

அப்படியானால் தோல் செருப்பை விட்டுச் செயற்கைத் தோலுக்கு மாறிவிடலாமா?

செயற்கைத் தோல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பூசிய துணி. மூலப்பொருள் பெட்ரோலியம். விரைவிலேயே மேல்பூச்சு உரிந்து செதில் செதிலாக உதிர்கிறது. அதைத் தைக்க முடியாது, மக்கவும் மக்காது. விலங்குகளைக் கொல்வதை ஏற்காதவர்கள் அந்தக் காரணத்துக்காக அதைத் தெரிவு செய்தால் அது அவர்கள் அறம். அதில் நான் தலையிடமாட்டேன். சூழலுக்கு நல்லது என்ற காரணத்தை மட்டும் ஏற்கமுடியாது.

மறுபக்கம், மரப்பட்டையில் பதனிட்ட தோல் முற்றிலும் தூய்மையானது என்ற விளம்பரத்தையும் ஏற்கமுடியாது. அங்கேயும் அதே உப்பு ஊறல் உண்டு. பட்டையின் துவர்ப்புப் பொருள் கலந்த கருஞ்சிவப்பு நீர் எளிதில் சிதைவதில்லை. எல்லாத் தோலையும் பட்டையிலேயே பதனிட முற்பட்டால் எத்தனை ஆவாரஞ்செடிகளை உரிக்க வேண்டியிருக்கும் என்றும் எண்ண வேண்டும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் ஷாப்பு வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் பல்லாயிரம். அவர்களில் பலர் பெண்கள். பச்சைத் தோலை உப்பிடாமல் குளிரூட்டிக் கொண்டுவருவது, ஒட்டிய உப்பை ஊறவைக்கும் முன்பே உதறி எடுப்பது போன்ற வழிகளில் உப்பைத் தொடக்கத்திலேயே குறைக்கலாம். என்னிடம் இருக்கும் ஆம்பூர்ச் செருப்புக்கு ஒன்பது வயது. இருமுறை அடித்தோல் மாற்றியிருக்கிறேன்.

பாலாறு வறண்டதற்கு ஆந்திரத் தடுப்பணைகளும் கர்நாடகமும்தானே காரணம்?

ஒரு பகுதிக் காரணம். பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடிய பின், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. 1892-ஆம் ஆண்டு மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறிக் குப்பம் பகுதியில் தடுப்பணைகள் எழுப்பப்பட்டதும் உயர்த்தப்பட்டதும் உண்மையான மனக்குறைகள். மேடையில் பேசப்படுவது அத்தோடு முடிந்துவிடுகிறது.

பாலாறு என்பது மேலே ஓடிய நீர் மட்டுமன்று. மணலுக்குள் ஓடிய நீர். ஆற்றில் நீர் தெரியாத மாதங்களிலும் மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டு சென்ற பாசன முறை இந்தப் பகுதியின் தனிச்சிறப்பு. அந்த மணலை ஆள்கணக்கில் அல்ல, லாரிக்கணக்கில் அள்ளியது ஆந்திரம் அன்று. மணல் போன இடத்தில் களிமண்ணும் பாறையும் வெளிவந்தன. வெள்ளம் வந்தால் நின்று ஊறாமல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டுப் பாலாறு பெருகியபோது பாலத்தின் மேல் நின்று மணிக்கணக்கில் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது கடலுக்குப் போயிற்று.

ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் பயன்படுத்துவது பசுமையான தெரிவு என்று அடுத்த கேள்வி வரும். ஆற்றுக்கு அது நல்லது. ஆனால் எம்-சாண்ட் என்பது உடைத்துப் பொடித்த மலை. கிரஷருக்குப் பக்கத்து ஊர்களில் வேப்பிலை சாம்பல் நிறமாக இருப்பதையும், வெடி வைத்த பிறகு சுவர் விரிசல் விடுவதையும் போய்ப் பாருங்கள். ஆற்றுக்கரை ஊரின் துன்பம் மலையடி ஊருக்குப் போகிறது. இடித்த கட்டடத்தின் ஜல்லியை மீண்டும் பயன்படுத்துவது, தேவையற்ற மாடியைக் கட்டாமல் இருப்பது ஆகிய இரண்டுக்கும் இங்கே விளம்பரம் இல்லை.

நம்பிக்கை தரும் முயற்சியாக நான் காண்பது நாகநதியில் நடந்த வேலை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் ஆற்றுப் படுகையில் குழி தோண்டிச் சிமெண்ட் உறைகளை இறக்கி, ஓடும் மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழி செய்தார்கள். அதில் கவர்ச்சியான பொருள் எதுவும் இல்லை. விற்கவும் எதுவும் இல்லை.

சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்கிறார்களே?

அதற்கு அறிவியல் சான்று இல்லை. வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். ஆக்சிஜன் வெளியிடாது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் போன்ற செய்திகளும் அப்படியே. பச்சை இலை உள்ள எந்த மரமும் பகலில் ஆக்சிஜன் வெளியிடும்.

ஆனால் இந்தப் பொய்களை மறுக்கும் வேகத்தில் அந்த மரத்துக்கு நற்சான்று கொடுத்துவிடவும் கூடாது. 1870-களில் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. அன்று அதுதான் பசுமைத் திட்டம். இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் தின்று, சாணத்தின் வழியே விதையை ஏரிக்குள்ளும் கால்வாய்க்குள்ளும் பரப்பின. வேர் மிக ஆழம் செல்வதால் மற்ற செடிகளுக்கு எட்டாத நீரும் அதற்கு எட்டுகிறது. நாட்டுச் செடிகள் முளைக்க இடமில்லாமல் போகிறது, ஏரியின் கொள்ளளவு குறைகிறது. இவை போதிய காரணங்கள்; இல்லாத காரணத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

2017-இல் நீதிமன்ற உத்தரவையொட்டி மாநிலம் முழுவதும் வேகமாக வெட்டினார்கள். எங்கள் பகுதி ஏரி ஒன்றிலும் ஜேசிபி வந்தது. தரைமட்டத்தில் அறுத்து, விறகை ஏற்றிச் சென்றார்கள். வேர்க்கட்டை அப்படியே இருந்தது. அடுத்த மழைக்குப் பின் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஏழெட்டுக் கிளைகள் துளிர்த்தன. முன்பு நடக்க முடிந்த இடத்தில் பிறகு நடக்கவும் முடியவில்லை. வேரோடு பிடுங்கி, மூன்று நான்கு ஆண்டுகள் நாற்றுகளைக் கையால் களைந்து, அந்த இடத்தில் வேறு மரத்தை வளர்க்க ஆள் இருந்தால் மட்டுமே வெட்டத் தொடங்க வேண்டும். அதன் விறகையும் கரியையும் விற்றுப் பிழைப்பவர்களுக்கு மாற்று என்ன என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டும்.

மரக்கன்று நடுவதையுமா கேள்வி கேட்பீர்கள்?

நடுவதை அல்ல, எண்ணுவதைக் கேள்வி கேட்கிறேன். நட்ட நாளில் எண்ணுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் எண்ணுவதில்லை. வேலூரின் சித்திரை வைகாசி வெயிலைத் தாண்டியது எத்தனை என்பதுதான் உண்மையான எண்ணிக்கை.

மியாவாக்கி முறை இப்போது பரவலாக உள்ளது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறை அது. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகள் வரை நெருக்கமாக நடுகிறார்கள். நகரத்தில் ஒரு பள்ளி வளாகத்துக்கு அது அழகான சோலை. ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அதற்குத் தொடர்ந்து நீர் ஊற்ற வேண்டும், அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ டேங்கர் லாரியிலிருந்தோ வருகிறது. எங்கள் மலைகளின் இயல்பு அடர்காடு அன்று. காரையும் சூரையும் உசிலும் வெப்பாலையும் இடைவிட்டு வளர்ந்து, நடுவே புல் நிறைந்த முட்புதர்க்காடு. அதைத் தரிசு என்று எழுதிக் குழி தோண்டுவது, இருக்கும் காட்டை அழித்துப் புதுக்காடு செய்வதாகும். கோடையில் சரிவில் புல்லுக்குத் தீ வைப்பதைத் தடுத்து, சில ஆண்டுகள் மேய்ச்சலை மட்டுப்படுத்தினால், பழைய வேர்களிலிருந்து தானே எழும் மரங்கள் நாம் நடுபவற்றை விட உறுதியானவை. இதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதே இதன் ஒரே குறை.

ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரை வீணாக்குகிறதாமே? நிறுத்திவிடலாமா?

உங்கள் வீட்டுக்கு எந்த நீர் வருகிறது என்று பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்து, குரோமியம் போன்ற நச்சும் இல்லையென்றால் ஆர்.ஓ. தேவையில்லை, காய்ச்சி ஆறவைத்தால் போதும். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக்குடிநீர் கிடைக்கும் வீடுகளில் ஆர்.ஓ. பொருத்துவது வீண் செலவு. ஆனால் தோல் ஆலைப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டுமே நம்பும் குடும்பத்திடம் அதை நிறுத்தச் சொல்வது அநியாயம். காய்ச்சினால் உப்பு போகாது, நீர் வற்றி இன்னும் அடர்த்தியாகும்.

என் தங்கை வீட்டில் ஒருநாள் கழிவுக் குழாயின் கீழ் குடத்தை வைத்து அளந்தோம். ஒரு குடம் நல்ல நீர் நிறைவதற்குள் மூன்று குடம் கழிவு நீர் நிறைந்தது. அந்த நீரைக் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊற்றக்கூடாது, தங்கையின் கறிவேப்பிலை மரம் அப்படித்தான் கருகியது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து நாள்தோறும் ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் சென்றது. ஒவ்வொரு ரயிலும் 25 லட்சம் லிட்டர். நாங்கள் மேட்டூர் நீரை எதிர்பார்த்திருக்க, எங்களைத் தாண்டி நீர் போனது. ஒவ்வொரு குடமும் எங்கிருந்து வருகிறது என்பதை அன்று எல்லோரும் ஒருமுறை நினைத்துப் பார்த்தார்கள்.

மின் ஸ்கூட்டர் வாங்கலாமா?

இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியில் பிறக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. மின் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டர் ஓட மூன்று யூனிட் என்று வைத்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லிட்டர் செலவானால் நாலரை கிலோவை ஒட்டி வரும். ஆகவே, நிலக்கரி மின்சாரத்திலும் மின் ஸ்கூட்டர் பாதிதான் புகைக்கிறது. அதற்குப் புகையே இல்லை என்பது தவறு, பெட்ரோலுக்கு நிகரான புகை என்பதும் தவறு.

நன்றாக ஓடும் பழைய வண்டியை விற்றுவிட்டு வாங்கினால், பழைய வண்டி வேறொருவரிடம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தினமும் காட்பாடியிலிருந்து வேலூருக்குப் போகிறவருக்கு டவுன் பஸ் இவ்விரண்டையும் விட நல்லது. 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின் பைக் தீப்பிடித்துப் புகை சூழ்ந்ததில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். வாசற்படியை மறிக்கும் இடத்திலும், ஆள் உறங்கும் நேரத்திலும் சார்ஜ் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறேன்.

வீட்டு மாடியில் சூரியத் தகடு?

வெயிலுக்கு இங்கே குறைவில்லை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். குளிர்சாதனம் ஓடும், அதிகம் செலவிடும் வீடுகளுக்கு அது நல்ல முதலீடு. ஒன்றிய அரசு மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெற்று அதை ஒட்டியே செலவிடும் சிறு குடும்பம் கடன் வாங்கித் தகடு பொருத்துவதில் பொருளில்லை.

வயலில் சூரிய மோட்டார் பொருத்துவது எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஏற்கெனவே இலவச மின்சாரத்தில் நிலத்தடி நீர் ஆழத்துக்குப் போய்விட்டது. வெயில் உள்ளவரை செலவில்லாமல் ஓடும் மோட்டார், மீதியையும் இறைத்துவிடும். தகடு தூய்மையானதுதான், ஆனால் அது இறைக்கும் நீர் திரும்ப வருவதில்லை.

உள்ளூர்க் காய்கறி மட்டுமே வாங்க வேண்டும் என்பது சரியா?

வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிக் கத்தரிக்காயின் காம்பு முள் விரலில் குத்தும்போதே அதன் சுவை நினைவுக்கு வரும். அதை வாங்குங்கள், அந்த உழவருக்கு நல்ல விலை கிடைக்கட்டும், விதை அழியாதிருக்கட்டும். ஆனால் உணவினால் வெளியாகும், புவியை வெப்பமாக்கும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சிறிது. எதைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு வீணாக்குகிறோம் என்பவையே பெரிது. அண்டை ஊர்க் காயைச் சமைத்துப் பாதியைக் கொட்டுகிறவரை விட, தொலைதூரத்துக் காயை மிச்சமின்றி உண்பவர் குறைவாகவே தீங்கு செய்கிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் விளக்கணைப்பது?

அதனால் தீங்கில்லை, குழந்தைகள் அன்று வானத்தைப் பார்த்தால் நல்லதுதான்.

எங்கள் கிணற்று நீர் கெட்டிருக்கிறதா என்று நாங்களே அறிய முடியுமா?

முடியும். கடையில் கிடைக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும். அதில் குரோமியம் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குரோமியத்தையும் சோதிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே நீரால் மூன்று முறை அலசிய இரண்டு லிட்டர் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, ஊரும் தேதியும் கிணற்றின் ஆழமும் எழுதி ஒட்டி, அன்றே கொண்டு போய்க் கொடுங்கள். ஒருமுறை வைகாசியிலும் ஒருமுறை மழை ஓய்ந்த பின் தையிலும் எடுக்க வேண்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உப்பு மேலிருந்து மழையோடு இறங்குகிறதா, கீழே ஏற்கெனவே தேங்கி நிற்கிறதா என்று புரியும். பக்கத்து நான்கு கிணறுகளுக்கும் அதே நாளில் எடுத்தால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். அந்தத் தாள்களோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் செல்லுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.